மூணாவது குப்பி

சென்ட் தொழிற்சாலையில் அவருக்கு ‘மூக்கு’ என்றே பெயர். வாசனை கலப்பதில் அப்படியொரு கெட்டிக்காரர். கோபமும் அந்த மூக்குக்கு மேல்தான் வரும். அப்பேர்ப்பட்டவருக்கு ஒரு ஜலதோஷம் வந்தது. போகும்போது மோப்பத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது.

விஷயம் வெளியே தெரிந்தால் வேலை போச்சு. முதலாளியோ எல்டர் என்ற சீமைப் பூவின் வாசனை வேண்டுமென்று கேட்டு, நாளைக் காலைவரை கெடு வைத்திருந்தார். அந்த வெள்ளைப் பூவைக் காய்ச்சினால் வாசனை பிடிபடாது. வேறு பத்துச் சரக்கைக் கலந்துதான் கொண்டுவர வேண்டும். அளவு சரியாக இருந்தால் தேன். ஒரு சொட்டுக் கூடினால், கடுவன் பூனை மூலையில் ஒன்றுக்கு இருந்துவிட்டுப் போன சமாசாரம்.

அவர் மூன்று அளவில் மூன்று குப்பி கலந்தார். மனைவியின் மூக்கை இரவல் வாங்குவதென்று வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

“உனக்காகவே பண்ணினேன். எது பிடிச்சிருக்கு, சொல்லு.”

“எனக்கா?”

“பின்னே, பக்கத்து வீட்டுக்காரிக்கா?”

அவள் சோப்புப் போடாமல் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். சோப்பு வாசனை குறுக்கே வரக் கூடாதாம். இருபத்திரண்டு வருஷத்தில் இவளிடம் ஒரு குப்பியைக்கூட நீட்டியதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. உறைத்து என்ன? மூடியைத் திறந்து நீட்டினார்.

முதல் குப்பிக்கு உதட்டைப் பிதுக்கினாள். இரண்டாவதை முகர்ந்து வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். மூன்றாவதை முகர்ந்து அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

“மூணாவதுதான்.”

அதை மட்டும் எடுத்துக்கொண்டு காலையில் போனார். முதலாளி முகர்ந்தார். நாற்காலியோடு பின்னால் போனார்.

“வீட்டுல பூனை வளக்கறீங்களா? நாளையிலேர்ந்து வரவேண்டாம்.”

மூக்குடைபட்ட மூக்கு, சாயங்காலம்வரை பூங்காவில் உட்கார்ந்திருந்தார். வேலை போனதைவிட, அவள் கை கழுவிக்கொண்டு ஆசையாக வந்து உட்கார்ந்ததுதான் அவர் மனசைப் பிசைந்தது. வீட்டுக்கு வந்ததும் கொட்டிவிட்டார்.

“எனக்கு வாசனையே தெரியல. உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்.”

“தெரியுமே. போன வாரம் பால் தீஞ்சு வீடே நாறுது. நீங்க அடுப்புப் பக்கத்துல உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருந்தீங்க.”

“அப்புறம் ஏன் மூணாவதைச் சொன்னே?”

“எனக்காகப் பண்ணினேன்னு சொன்னீங்களே, அந்தப் பேச்சுக்கு அந்த நாத்தம்தான் பொருத்தமா இருந்துது. நேரா கேட்டிருந்தா சொல்லியிருக்க மாட்டேனா?”

அவர் பையிலிருந்து மூன்றாவது குப்பியை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டார்.

“சரி, சாப்பிட வாங்க. மத்தியானம் ரெண்டாவதை எடுத்துட்டுப் போய் நானே உங்க முதலாளியைப் பாத்தேன். அசல் தேன்னு குதிக்கிறாரு.”

“அப்ப... என் வேலை?”

“இருக்கு, இருக்கு. முகர்றது நான். நீங்க மூடியைத் திறந்து குடுத்தா போதுமாம்.”