ஞாயிற்றுக்கிழமைக்குள் நான்கு வால்வு

பிரெங்காவின் பழைய வண்டியில், டீசல் பம்பின் தலையில் இருந்த நான்கு வால்வுகளும் கசிந்தன. அன்று வியாழக்கிழமை. ஞாயிறன்று மகன் நிகோலினுக்குப் பெண்ணழைத்து வர வேண்டும்.

பிரெங்கா கையை முகர்ந்து பார்த்தார். "இந்த நாத்தத்துல மருமகள உக்கார வைக்கறதா? நாலுக்கும் சீல் மாத்திடலாம்."

"என் புது வண்டிய எடுத்துக்குங்க அத்தான்," என்றான் மைத்துனன் ஃபிரான்.

"உன் வண்டிக்கு இன்னும் மூணு வருஷத் தவணை பாக்கி. இந்த வீட்டு வண்டி முன்னால போகும், மத்ததெல்லாம் பின்னால. இல்லேன்னா யாரும் போக வேணாம்."

போகாமல் இருப்பது சின்ன விஷயமல்ல. குறித்த நாளில் மாப்பிள்ளை வீட்டார் வந்து சேராவிட்டால் அந்த மலைப்பக்கத்தில் சம்பந்தம் முறிந்ததாகவே அர்த்தம். சாவு விழுந்த வீட்டிலிருந்துகூட பெண்ணழைக்கக் கிளம்பியிருக்கிறார்கள்.

நிகோலின் ஷ்கோதர் நகரக் கடைத்தெருவுக்குப் போய் ரப்பர் வளையங்களும் செப்பு வாஷர்களும் வாங்கிவந்தான். முகம் வெளிறியிருந்தது.

"கல்யாண பயம்," என்றார் பிரெங்கா. "நானும் அப்படித்தான் இருந்தேன்."

"இப்பவும் அப்படித்தான் இருக்கார்," என்றாள் மனைவி தாவா.

மாலையில் ஃபிரான் மறுபடி வந்தான். இம்முறை நிகோலினே மறித்தான். "வேணாம் மாமா. அப்பா சொல்றதுதான் சரி. நம்ம வண்டி, இல்லேன்னா போகவே வேணாம்."

பிரெங்காவுக்கு மார்பு விரிந்தது. என் ரத்தம், என்று நினைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மகன் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, அவர் மாட்டினார். முன்பு சொட்டிய டீசல் இப்போது ஒழுகியது. கழற்றிப் பார்த்தால், புது வளையங்கள் பழையவைபோல நசுங்கிக் கிடந்தன.

"பழசக் கழுவிப் புதுசுன்னு வித்திருக்கான், திருட்டுப்பய."

"ஆமாப்பா," என்றான் மகன், தரையைப் பார்த்து.

கோபத்தில் வேறு வளையங்களைப் போட்டு, அளவுக்கு மேல் முறுக்கினார். என்ஜினைக் கிளப்பியதும் பம்புக்குள் ஏதோ இறுகிப் பிடித்துக்கொண்டது. சாவியை உருவிய பிறகும் என்ஜின் நிற்கவில்லை. உறுமல் ஏறிக்கொண்டே போனது. தாவா ஓடிவந்து, ரொட்டி தேய்க்கும் பலகையைக் காற்றுக் குழாயின் வாயில் அழுத்தி அதை மூச்சடைக்க வைத்தாள்.

"இருபத்தெட்டு வருஷமா இந்தப் பலகையில ரொட்டி போட்டேன்," என்றாள். "இனி எல்லாம் உங்க வண்டி வாசனைதான்."

சனிக்கிழமை எல்லாவற்றையும் தளர்த்திக் கழுவி அடுக்கினார். சாப்பிட்டு வருவதற்குள் மூன்றாவது வால்வின் ஸ்பிரிங்கைக் காணோம். அப்பனும் மகனும் முற்றத்தை முழங்காலில் துழாவினார்கள்.

"கோழி முழுங்கியிருக்குமோ," என்றான் மகன்.

"நாலு கோழியையும் அறுத்துப் பாக்கவா?"

"விட்டுடுங்கப்பா. உடம்பு என்னத்துக்கு ஆகும்? நம்ம நேரம், அவ்வளவுதான்."

"நம்ம வீட்டுல அப்படி ஒரு நேரம் வந்ததே இல்லடா."

ஆற்றோரம் துருப்பிடித்துக் கிடந்த இதே மாதிரி வண்டி ஒன்றிலிருந்து, விரல் கிழிய ஒரு ஸ்பிரிங்கைக் கழற்றிவந்தார். இம்முறை மகனைப் பக்கத்தில் விடவில்லை. "மாப்பிள்ளை கையில கறை படக்கூடாது, போ."

ஞாயிறு காலை என்ஜின் இரண்டு முறை இருமிவிட்டுச் சீராக ஓடியது. கீழே ஒரு சொட்டுக்கூட இல்லை. நிகோலின் படியில் உட்கார்ந்து தலையைக் கையில் தாங்கிக்கொண்டான். வயிற்றுவலி, வரவில்லை என்றான். பெண்ணழைக்க மாப்பிள்ளை போக வேண்டியதில்லை என்பதால் பிரெங்கா வற்புறுத்தவில்லை.

பின்னால் ஆறு வண்டிகள் ஹாரன் முழங்க வர, பிரெங்கா முதுகை நிமிர்த்தி ஓட்டினார். பத்து நிமிடம் முன்னதாகவே சேர்ந்துவிட்டார்கள்.

பெண் வீட்டு வாசலில் வரவேற்க மேசை இல்லை, ராக்கிச் சாராயம் இல்லை. கதவு சாத்தியிருந்தது. ஹாரன்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. பெண்ணின் பெரியப்பா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, வண்டி ஜன்னலருகே குனிந்தார்.

"பொண்ணு புதன்கிழமையே வேற ஒருத்தனோட இத்தாலிக்குக் கப்பலேறிட்டா. வியாழக்கிழமை கடைத்தெருவுல உங்க பையன்கிட்ட சொன்னோம். வண்டி கெட்டுப்போய் மாப்பிள்ளை வீட்டார் வர முடியலைன்னு ஊருக்குச் சொல்லிக்கலாம், வண்டிய நான் பாத்துக்கறேன்னு அவன்தான் சொன்னான். ரெண்டு குடும்ப மானமும் அந்தப் பம்புலதான் இருந்துச்சு; அதப் போய் ஏன் சம்பந்தி சரிபண்ணீங்க?"