மூன்றாம் வளைவு

"மூணாவது வளைவுல நீலக் கார்! மார்ஷல், நீலக் கார்!"

ஒலிபெருக்கியில் சீனிவாசராகவனின் குரல் வருவதற்குள் கவியரசனின் கார் மல்லாந்துவிட்டது. நான்கு சக்கரங்களும் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தன. ஓட்டுநர் மேடையில் ரிமோட்டைப் பிடித்தபடி நின்றிருந்த அவன் முகத்தில் வருத்தம் இருந்திருக்க வேண்டும். இல்லை.

மூன்றாம் வளைவில் ஆரஞ்சு மேல்சட்டையோடு நின்ற வீணா இரண்டு பக்கமும் பார்த்தாள். வேகமாக வந்த கார்களை முதலில் போகவிட்டாள். பிறகு குனிந்து, தூக்கத்தில் குப்புறப் புரண்ட குழந்தையைத் திருப்பிவிடுவதுபோலக் காரைத் திருப்பி வைத்தாள். அந்த ஒரு நொடியில் தகரக் கூரைமேல் பெய்கிற மழையின் சத்தம் கவியரசனுக்குக் கேட்காமல் போய்விடும். மழை என்னவோ பெய்துகொண்டுதான் இருக்கும்.

"மச்சா, ரிமோட்லேருந்து விரலை எடுடா," என்றான் பக்கத்தில் நின்ற விக்கி. "அவங்க கை சக்கரத்துல மாட்டிக்கப் போகுது."

கவியரசன் அவசரமாக விரலை எடுத்தான்.

லிங்கராஜபுரத்தில் முன்பு பாட்மின்டன் ஆடிய கூடம் அது. சனிக்கிழமை சாயங்காலங்களில் சாம்பல் நிறக் கம்பளம் விரித்து, வெள்ளைக் குழாய்களைப் படுக்கவைத்து வளைவுகளும் நேர்பாதையுமாகத் தடம் போடுவார்கள். முழ நீளக் கார்கள் அதில் வண்டுகளைப்போல ரீங்கரித்துக்கொண்டு ஓடும். விதிகளை எழுதியவர் சீனிவாசராகவன். தொலைபேசித் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். உன் ரேஸ் முடிந்ததும் அடுத்த ரேஸுக்கு நீ மார்ஷலாக நிற்க வேண்டும். வளைவில் நின்று, கவிழ்கிற கார்களை நிமிர்த்திவிட வேண்டும். மார்ஷலை யாரும் அவசரப்படுத்தக் கூடாது. ரேஸ் முடிந்ததும் ஓட்டுநர் மார்ஷலிடம் நேரில் போய் நன்றி சொல்ல வேண்டும். பெயர் சொல்லி மட்டும் கூப்பிடக் கூடாது. பெயர் வந்தால் பின்னாலேயே சண்டை வரும் என்பது அவருடைய அனுபவம்.

வீணா முதல் ரேஸ். கவியரசன் இரண்டாவது. அதனால் அவன் ஓட்டும்போதெல்லாம் அவள் வளைவில் நிற்பாள். அவன் மார்ஷலாக நிற்கும்போது அவள் காக்ஸ் டவுனுக்கு பஸ் பிடிக்கக் கிளம்பியிருப்பாள்.

"தேங்க்ஸ், மார்ஷல்," என்றான் கவியரசன், அன்றைய ரேஸ் முடிந்ததும்.

"பரவால்ல, டிரைவர்," என்றாள் வீணா.

அவர்கள் இதுவரை பேசிக்கொண்டது அவ்வளவுதான். ஒவ்வொரு வாரமும் அதையேதான் பேசினார்கள்.

கவியரசன் தருமபுரிக்காரன். ஒயிட்ஃபீல்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பிழை கண்டுபிடிக்கிற வேலை. அலுவலகத்தில் பெண்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் மின்னஞ்சல் அனுப்புவான். க்ளப்பில் சேர்ந்த முதல் நாள் கார் மூன்றாம் வளைவில் கவிழ்ந்தது. விதிப்படி போய் நன்றி சொன்னான். அவள் சிரித்தாள். கவிழாவிட்டால் அந்தச் சிரிப்பு கிடையாது என்பது திரும்பிப் போகும் வழியில் கே.ஆர்.புரம் பாலத்து நெரிசலில் அவனுக்கு விளங்கியது. அடுத்த வாரம் அதே வளைவில் ஸ்டியரிங்கை ஒரு நூல் கூடுதலாகத் திருப்பினான். கவிழ்ந்தது. ஒரு காரைக் கவிழ்ப்பது இவ்வளவு சுலபமா என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

சிக்கல் என்னவென்றால், க்ளப்பில் எல்லோரும் நல்லவர்கள்.

"உன் டயர்தான் மச்சா வழுக்குது," என்றான் விக்கி. அவன் கொடுத்த புது டயர்கள் கம்பளத்தைப் பல்லிபோலப் பிடித்துக்கொண்டன.

"வெயிட் பத்தல," என்றார் சீனிவாசராகவன். "காரை இங்க கொண்டா." முன்புறம் ஈயத் துண்டு ஒட்டினார். "நோடு, பாத்துக்கோ, இனிமே இது ஜென்மத்துக்கும் கவுராது."

அடுத்த சனிக்கிழமை, கவிழ்ந்தாக வேண்டுமே என்று கவியரசன் மூன்றாம் வளைவுக்கு முழு வேகத்தில் வந்தான். கார் கவிழவில்லை. குழாயைத் தாண்டிப் பறந்துபோய் வீணாவின் முழங்காலுக்குக் கீழே மோதியது.

"அம்மா!" என்றாள் வீணா.

கவியரசன் மேடையிலிருந்து குதித்தான். ரேஸ் நடக்கும்போது ஓட்டுநர் மேடையை விட்டு இறங்கக் கூடாது. கம்பளத்தில் கால் வைக்கவே கூடாது. அவன் இரண்டையும் செய்தான். நடுவழியில் யாருடைய சிவப்புக் காரோ அவன் ஷூவுக்கடியில் அப்பளம்போல நொறுங்கியது. விசில் ஊதப்பட்டது. எல்லாக் கார்களும் நின்றன. அந்த நிசப்தத்தில் அவளுக்கு முன்னால் போய் நின்றான். வலிக்கிறதா என்று கேட்க வேண்டும்.

"தேங்க்ஸ், மார்ஷல்," என்றான்.

வீணா காலைத் தேய்த்துக்கொண்டே, "பரவால்ல, டிரைவர்," என்றாள்.

நான்காம் வளைவிலிருந்து மரகதம் அடக்க முடியாமல் சிரித்தார். ஜே.சி. ரோட்டில் வண்டி உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். அவரும் முதல் ரேஸ்தான். இளஞ்சிவப்பு நிறக் காரை லாரிபோல ஓட்டுவார். மார்ஷல் உட்காரக் கூடாது என்பது விதி. ஆனாலும் முட்டிவலி என்று சொல்லி ஸ்டூலுக்குத் தனி அனுமதி வாங்கியிருந்தார்.

"இன்னாடா இது, இட்ச்சதுக்கு தேங்க்ஸா? அடுத்த வாரம் மண்டைய ஒட்ச்சிட்டு ஹேப்பி பர்த்டே சொல்லுவியா?"

மறுவாரம் புதிய விதி வந்தது. மூன்றாம் வளைவு மார்ஷல், கிரிக்கெட் ஆடுபவர்கள்போல, காலுக்குப் பேட் கட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு கால்களிலும் வெள்ளைப் பேட் கட்டி, ஆரஞ்சு மேல்சட்டையோடு வீணா நடந்துவந்தாள். கூடத்தில் பாதிப் பேர் சிரித்தார்கள். கவியரசனுக்குச் சிரிப்பு வரவில்லை. நிலாவில் நடப்பவர்கள் இப்படித்தான் காலை எடுத்து வைப்பார்கள் என்று தோன்றியது. ஒவ்வொரு அடியும் தரையைக் கொஞ்சம் தாமதமாகத் தொட்டது. அவளைச் சுற்றி மட்டும் புவியீர்ப்பு குறைந்திருந்தது. பார்த்துக்கொண்டே நின்றான்.

"டேய், யார்தாடா அந்த பேட்ரி?" என்று மரகதம் கத்தினார்.

சார்ஜில் போட்ட பேட்டரியைத் தனியாக விட்டுப் போகக் கூடாது. தீப்பிடிக்காத பைக்குள் வைத்துத்தான் சார்ஜ் ஏற்ற வேண்டும். கவியரசன் பையின் மேலே வைத்திருந்தான். அது பூரிபோல உப்பிப் புகைந்தது. மரகதம் மணல் வாளியைத் தூக்கி அப்படியே கவிழ்த்தார். பாதி மணல் பேட்டரி மேலும் மீதி கம்பளத்தின் மேலும் விழுந்தது. கம்பளத்தைச் சுத்தம் செய்து முடிப்பதற்குள் அன்றைக்குக் கடைசி ரேஸையே ரத்து செய்ய வேண்டியதாயிற்று.

அதற்கடுத்த சனிக்கிழமை, கூடத்துக்குள் நுழைந்ததுமே சீனிவாசராகவன் அவனைத் தன் மேஜைக்குக் கூப்பிட்டார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினார். ஒருவனைத் திட்டும்போது மற்றவர் கேட்கக் கூடாது என்பதும் அவர் எழுதிய விதிதான்.

"நீ நல்ல பையன்ப்பா. ஆனா இந்த க்ளப்புல உன்னாலதான் பேட் வாங்கினேன், மணல் வாங்கினேன். போதும். இன்னிக்கு உன் கார் ஒரே ஒரு தடவ கவுந்தாலும் நீ ஞாயித்துக்கிழமை காலை பேட்ச். புதுசா கத்துக்கறவாளோட ஓட்டு. ஆயித்தா?"

"சரி சார்," என்றான் கவியரசன்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வீணா காக்ஸ் டவுன் தேவாலயத்தில் பாடுவாள். இது மரகதம் சொல்லித் தெரிந்தது. ஆக, கவிழ்ந்தால் இனி அவளைப் பார்க்கவே முடியாது. கவிழாவிட்டால் பார்க்கலாம், பேச முடியாது. கவியரசன் கழிவறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று யோசித்தான். ஒரே வழிதான் இருந்தது. கவிழாமல் ஓட்டி முடித்துவிட்டு, எந்தச் சாக்கும் இல்லாமல், வெறுங்கையோடு அவளிடம் போக வேண்டும்.

"வெளியே ஒரு டீ குடிக்கலாமா?" என்று கண்ணாடியிடம் கேட்டான். பக்கத்தில் கை கழுவிக்கொண்டிருந்த விக்கி, "குடிக்கலாமே மச்சா," என்றான்.

ரேஸ் தொடங்கியது.

முதலில் ரிமோட், பிறகுதான் கார் என்று முறைப்படி இயக்கினான். எல்லோரும் பாய்ந்த பிறகு நிதானமாகக் கிளம்பினான். மூன்றாம் வளைவு வந்தது. ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டிய அளவு மட்டும் திருப்பினான். கார் வீணாவைத் தாண்டிப் போயிற்று. அவள் தலை அதன் பின்னாலேயே திரும்பியது.

அடுத்த சுற்றிலும் தாண்டியது. அதற்கடுத்த சுற்றிலும்.

இப்படி ஓட்டவும் தனக்கு வரும் என்று கவியரசனுக்கு அன்றுவரை தெரியாது. விரலுக்கும் காருக்கும் நடுவே காற்றுக்கூட இல்லைபோல இருந்தது. கார் ஓடவில்லை, ஓடையில் இலை போவதுபோலப் போனது. பின்னால் வேகமானவர் வந்தால் ஓரம் கட்டி வழிவிட்டான். வழி கிடைத்த இடத்தில் மட்டும் முந்தினான். ரேஸின் பாதியில் மூன்றாவது இடத்தில் இருந்தான்.

"நீலக் கார் சுத்தமான ஓட்டம்!" ஒலிபெருக்கியில் சீனிவாசராகவனின் குரல் நெகிழ்ந்தது. "எல்லாரும் பாருங்கோ. ஓட்டம்னா இது!"

கவியரசன் ஒருமுறை நிமிர்ந்து வீணாவைப் பார்த்தான். அவள் முகம் வாடியிருந்தது. தன்னை மறந்துவிட்டான் என்று நினைக்கிறாளோ? இன்னும் கொஞ்ச நேரம்தான், என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டான். வந்துவிடுகிறேன். டீ குடிக்கலாமா. டீ குடிக்கலாமா. கார் அந்தச் சொற்களின் தாளத்திலேயே வளைவுகளை எடுத்தது.

"கடைசிச் சுத்து!"

முதல் வளைவு. இரண்டாம் வளைவு. மூன்றாம் வளைவில் வழக்கத்தைவிட வேகத்தைக் குறைத்தான். குழாயை ஒட்டி, ஆனால் அதைத் தொடாமல் வந்தான். அவனுக்குப் பின்னால் நெருக்கத்தில் யாரும் இல்லை. முன்னாலும் யாரும் இல்லை.

கார் எதிலோ தட்டி, மெதுவாக, மிக மெதுவாக, மல்லாந்தது.

கூடமே "அய்யோ!" என்றது. விக்கி தலையில் கை வைத்துக்கொண்டான். பின்னால் வந்த கார்களையெல்லாம் போகவிட்ட பிறகுதான் வீணா குனிந்து காரை நிமிர்த்தினாள். மேடைப் பக்கம் அவள் பார்க்கவே இல்லை. கார் வட்டத்தை முடித்தது. கடைசி இடம்.

சீனிவாசராகவன் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு அவனருகே வந்தார். அவர் கண்கள்கூடக் கலங்கியிருந்தன.

"விதி விதிதாம்ப்பா. ஞாயித்துக்கிழமை காலைல வந்துடு."

கவியரசன் மேடையை விட்டு இறங்கி மூன்றாம் வளைவுக்கு நடந்தான். கண்ணாடியிடம் கேட்ட வாக்கியம் தொண்டைவரை வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளப்பட்டவன் யாரை டீக்குக் கூப்பிடுவது?

"தேங்க்ஸ், மார்ஷல்."

வழக்கமான பதில் வரவில்லை. "சார் உங்ககிட்ட என்ன சொன்னாரு?" என்று கேட்டாள் வீணா.

"இன்னிக்கு கவுந்தா சண்டே பேட்ச்னு மொதல்லயே சொல்லியிருந்தாரு. கவுந்துடுச்சு. அதான்."

வீணாவின் முகம் வெளுத்தது. "ஐயோ," என்றாள். "எனக்குத் தெரியாதே." பேட்களைக்கூட அவிழ்க்காமல், தொப் தொப்பென்று சீனிவாசராகவனின் மேஜையை நோக்கி ஓடினாள். தனக்காகக் கெஞ்சப் போகிறாள் என்று கவியரசனுக்குப் புரிந்தது. அது இன்னும் வருத்தமாக இருந்தது. யாருமில்லாத மூன்றாம் வளைவில், கம்பளத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

மரகதம் ஸ்டூலை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"இன்னாத்துக்குடா மூஞ்சிய இப்டி வச்சிக்கினு கீற?"

"ஆன்ட்டி, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். இத்தனை வாரமா நான் வேணும்னேதான் கவுத்தேன். அவங்ககிட்ட தேங்க்ஸ் சொல்றதுக்காக. இன்னிக்கு ஒரு நாள்தான் நெஜமாவே ஒழுங்கா ஓட்டினேன். இன்னிக்குப் போய் அதுவா கவுந்துடுச்சு."

மரகதம் ஸ்டூல் கிறீச்சிட, முட்டியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வருமளவுக்குச் சிரித்தார்.

"நீ எங்கடா கவுத்த? நீ வந்த மொத நாள்லேர்ந்து, இன்னிக்கி வரிக்கும் வாரா வாரம் உன் காரு கிட்ட வர்றப்ப அவதான் ஷூ நுனியால குழாய ஒரு இன்ச்சு உள்ள தள்ளிக்கினு கீறா!"