மடி மாமாவின் முட்டி வலி

என் கையெழுத்து அறுந்த பாவு நூல் மாதிரி. எந்தப் பக்கம் போகும் என்று எனக்கே தெரியாது. படித்தது ஐந்தாவது வரை, அதுவும் தெலுங்குப் பள்ளியில். தமிழ் எழுதக் கற்றது இந்த மாதிரி வாரப் பத்திரிகைகளைப் பார்த்துத்தான். சின்ன ர வரவேண்டிய இடத்தில் பெரிய ற போட்டிருப்பேன். அச்சில் ஏற்றுகிறவர் பொறுத்துக்கொண்டு திருத்திக்கொள்ள வேண்டும்.

நகரியில் எங்கள் தெருவில் இருபத்தைந்து வயதிலிருந்து நாற்பது வயதுக்குள் இருக்கும் யார் தலையைத் தடவிப் பார்த்தாலும், அது ஒரு நாள் மடி மாமாவின் மடியில் கிடந்து கதறிய தலையாகத்தான் இருக்கும். அதற்குக் கீழ் வயதில் ஒரு தலைகூட அப்படிக் கிடையாது. அது ஏன் என்று தெரிந்தவன் தெருவில் நான் ஒருவன்தான். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அவருடைய தொழில் விசைத்தறிக்குத் தார் சுற்றுவது, அதாவது ஊடை நூலைக் குச்சியில் சுற்றிக் கொடுப்பது. ரேஷன் கார்டில் ஒரு பெயர் உண்டு, அது ரேஷன் கடைக்காரருக்கு மட்டும் தெரியும். எங்களுக்கு அவர் மடி மாமா. குழந்தைக்கு முதல் மொட்டையும் காதுகுத்தும் தாய்மாமன் மடியில் நடக்க வேண்டும் இல்லையா? தாய்மாமன் இல்லாத வீடுகள் உண்டு. இருந்தும் வராத வீடுகள் அதைவிட அதிகம். அந்த வீடுகளுக்கெல்லாம் இவர் மடி.

அவருக்கு அக்கா தங்கை கிடையாது. கல்யாணமும் அமையவில்லை. உலகத்தில் யாருக்கும் மாமனாக வழியில்லாத ஆள். முதல் தடவை மடி கொடுத்தது தற்செயலாக நடந்தது. புத்தூர் பக்கம் ஓர் அம்மன் கோயிலில் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு மொட்டை. சொந்த மாமன் கோபித்துக்கொண்டு வரவில்லை. நல்ல நேரமோ முடியப் போகிறது. இவர் வேப்ப மரத்தடியில் சம்மணம் போட்டு இட்லி தின்றுகொண்டிருந்தார். அந்த இடத்தில் காலை மடக்கி உட்கார்ந்திருந்த ஒரே ஆண்பிள்ளை அவர்தான். இலையை எடுத்துவிட்டுக் குழந்தையை வைத்துவிட்டார்கள். கை கழுவக்கூட விடவில்லை. மொட்டை முடிந்து எழுந்தபோது அவர் வேறு ஆளாகியிருந்தார்.

அதிலிருந்து மடியைப் பற்றிப் பேசாத நாள் கிடையாது.

"மடின்னா சும்மா காலை மடக்கிக்கினு குந்தறது இல்ல நைனா. ரெண்டு தொடையும் ஒரே மட்டமா இருக்கணும். தொடை சரிஞ்சா கொயந்த சரியும், கொயந்த சரிஞ்சா கத்தி சரியும்."

மொட்டைக்கு ஒரு வாரம் முன்பிருந்தே மடியில் பூசணிக்காயை வைத்துப் பழகுவார். தார் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும், மடியில் பூசணிக்காய் உட்கார்ந்திருக்கும். முதலாளி வந்து, "இது இன்னாய்யா?" என்று கேட்டால், "கோமதி பையன், வர்ற வெள்ளிக்கெயமை" என்பார்.

மொட்டைக்கென்றே பச்சைக்கரை வேட்டி ஒன்று வைத்திருந்தார். அந்த வேட்டியில் குழந்தைகள் செய்யாதது எதுவும் இல்லை. "எந்தப் பெரிய மனுசனுக்கு இவ்ளோ அபிஷேகம் நடந்துகீது, சொல்லு பாக்கலாம்" என்று ஈரத்தோடே பந்தியில் உட்காருவார். இரண்டு பக்கமும் யாரும் உட்கார மாட்டார்கள். அந்த இலைகளின் வடையும் இவருக்கே வரும்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அவர் கோபித்துக்கொள்வதுதான் பெரிய வேலை. தாய்மாமன் என்று வந்துவிட்டால் ஒரு தடவையாவது கோபித்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் சட்டம். மாலை சின்னதாக இருக்கிறது, வேனில் முன்சீட்டு தரவில்லை, காப்பி ஆறிப்போனது, ஏதாவது ஒன்று கிடைத்துவிடும். உடனே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தூரமாகப் போய் உட்கார்ந்துவிடுவார். குழந்தையின் அப்பா போய்க் கூப்பிட வேண்டும். ஒரு தடவை கூப்பிட்டால் வரமாட்டார்.

"மூணு தபா கூப்டணும். ரெண்டாவது கூப்பாட்டுக்கே எய்ந்து வந்தா அவன் மாமனா? வாடகைக்கு வந்தவன்."

ஒரு கோடையில் இருபது பேர் வேன் வைத்துக் கைலாசகோனைக்குப் போனோம். மொட்டை முடிந்து அருவியில் குளியல், அதன் பிறகு பிரியாணி. பிரியாணியில் தனக்கு எலும்பே வரவில்லை என்று மாமா பாறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். குழந்தையின் அப்பா இரண்டு தடவை கூப்பிட்டார். மூன்றாவது தடவைக்குக் கிளம்பும்போது பாசியில் வழுக்கி விழுந்து நெற்றியில் ரத்தம். எல்லாரும் அலறி அடித்துக்கொண்டு வேனில் ஏறினோம். புத்தூரில் கட்டுப் போட்டு, டீ குடித்து, மனசு ஆறிய பிறகுதான் மாமா ஞாபகம் வந்தது. திரும்பிப் போய்த் தேடினால் ஆளைக் காணவில்லை. பெண்கள் அழ ஆரம்பித்துவிட்டார்கள். பொழுது சாய்கிற நேரத்துக்கு நகரி வந்து சேர்ந்தோம். தெருமுனையில், எங்களுக்கு முன்னாடியே மாங்காய் லாரியில் வந்து இறங்கி, துண்டு தோளில், முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"மாமா, வூட்டுக்கு வாங்க" என்று கட்டுப் போட்ட மனிதர் கெஞ்சினார்.

மாமா எழுந்து வேட்டியைத் தட்டினார். "இதான் மூணாவது" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

சிரித்தோம். ஆனால் அவர் மடிக்கு வந்த குழந்தைகள் எல்லாம் ஒரு நாள் உறவுதான். அடுத்த வருஷம் சொந்த மாமன் சமாதானமாகி வந்துவிடுவார். காதுகுத்தோ கல்யாணமோ வந்தால் மடி மாமாவுக்குப் பத்திரிகை வரும், இலை போடுவார்கள், அவ்வளவுதான். அதைப் பற்றி அவர் எதுவும் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

என் மனைவி மல்லிகாவுக்கு ஒரே அண்ணன், சேகர். எங்கள் கல்யாணத்தில் போட்டோ பிடிக்கும்போது தன்னை ஓரத்தில் நிறுத்திவிட்டார்கள் என்று போனவர், நாயுடுபேட்டையில் வேலை தேடிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். மூன்று வருஷம் பேச்சில்லை. என் மகள் செல்விக்கு மொட்டையும் காதுகுத்தும் ஒன்றாக வைத்தபோது, மடி மாமாவிடம் நானே போய்க் கேட்டேன். நான் யாரிடமும் எதுவும் கேட்டுப் பழகாதவன். பஸ்ஸை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஊரில் இறங்கி நடந்து வந்திருக்கிறேன்.

மாமா தார் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். "மல்லிகா அண்ணன் வரமாட்டானா?"

"வரமாட்டாரு மாமா. முடிஞ்சிப் போன கதை."

"நல்லா கேட்டுக்கோ. இது பொண் கொயந்த. மொட்டை, காதுகுத்து, பெரியவளானா ஓலை கட்டறது, கண்ணாலத்துக்கு சீரு, எல்லாம் நாந்தான். ஒரு நாள் மடி குடுத்துட்டுப் பூடுவேன்னு நெனைக்காத."

"நீங்கதான் மாமா" என்றேன்.

அன்றே செல்விக்குப் பாவாடை சட்டை தைக்கக் கொடுத்துவிட்டார். அளவுக்கு எதைக் காட்டினாரோ தெரியாது, பாவாடை இடுப்பில் இரண்டு செல்வி நுழையலாம். "வளர்ற பொண்ணு" என்று சொல்லிவிட்டார். பழைய பச்சைக்கரையை மூட்டை கட்டிவிட்டுப் புது வேட்டி எடுத்தார்.

தை மாதம், அதே அம்மன் கோயில். பாய் விரித்தார்கள். மாமா முதல் ஆளாகப் போய் உட்கார்ந்து, தொடை மட்டத்தை உள்ளங்கையால் சரி பார்த்துக்கொண்டார். குழந்தையை மடியில் வைத்தேன். அதிசயமாக அது அழவில்லை. அவர் மூக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. சவரக்காரர் தலையில் தண்ணீர் தெளிக்கப் போன நேரம், வாசலில் ஒரு பைக் நின்றது. சேகர். பெண்சாதி பின்னால் சீர்த்தட்டோடு உட்கார்ந்திருந்தார்.

மல்லிகா ஓடிப்போய் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எல்லாரும் அழுதார்கள். எனக்குமே கண் கலங்கியது. சவரக்காரர் கத்தியைப் பிடித்துக்கொண்டு எங்கள் முகங்களைப் பார்த்தார்.

"மேனமாம எவரண்டி?" தாய்மாமன் யார் என்று தெலுங்கில் கேட்டார்.

என் மாமியார் முன்னால் வந்து, "எய்ந்துக்கோங்கண்ணா, ரத்த சொந்தம் வந்துட்சி" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சந்தோஷத்தில் சொன்னார்.

மாமா எழுந்திருக்கவில்லை. என்னைப் பார்த்தார். குழந்தைக்கு அப்பன் நான். நான் சொல்ல வேண்டியது.

எனக்கு அப்போதே வழி தெரிந்துவிட்டது. மொட்டை சேகர் மடியில், காதுகுத்து மாமா மடியில். ஒரே ஒரு வாக்கியம். யாரும் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். தொண்டை வரைக்கும் வந்தது. அத்தனை பேர் என் வாயைப் பார்த்ததும் நான் தரையைப் பார்த்துவிட்டேன். அங்கே ஒரு எறும்பு அரிசியை இழுத்துக்கொண்டு போனது. அதையே பார்த்தேன்.

தலை நிமிர்ந்தபோது சேகர் பாயில் உட்கார்ந்திருந்தார். மாமா ஓரமாக நின்று குழந்தைக்குக் கிலுகிலுப்பை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அவர் கோபித்துக்கொள்வார் என்று காத்திருந்தேன். துண்டை உதறினால் மூன்று தடவை இல்லை, முப்பது தடவை கூப்பிடத் தயாராக இருந்தேன். அவர் உதறவில்லை. பந்தியில் வாளி பிடித்துச் சாம்பார் ஊற்றினார். சேகருக்கு வடை எடுத்து வைத்து, "துன்னுப்பா, தூரத்துல இருந்து வந்துகீற" என்றார். திரும்பும்போது வேனில் கடைசி சீட்டில் ஏறி உட்கார்ந்தார். தெருவே சொன்னது, மாமாவுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று.

அடுத்த மாதம் ஒரு வீட்டில் மொட்டைக்கு மடி கேட்டுப் போனார்கள். "முட்டி வலி" என்றார். அதன் பிறகு யார் போனாலும் முட்டி வலி. அதே முட்டியோடு புரட்டாசி தவறாமல் திருப்பதி அலிபிரியில் இருந்து படி ஏறிப் பெருமாளைப் பார்த்துவிட்டு வருவார். யாராவது கேட்டால், "ஏறுறது வேற, மடக்கறது வேற. நீ இன்னா டாக்டருக்குப் படிச்சிகீறியா?" என்பார். கேட்டவர் சிரித்துவிட்டுப் போவார். தாய்மாமன் வராத வீடுகள் தாத்தா மடி, பெரியப்பா மடி என்று ஒப்பேற்றிக்கொண்டன.

இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. செல்விக்குத் தம்பி பிறக்கவில்லை. சேகரும் மல்லிகாவும் அதன் பிறகு இரண்டு தடவை சண்டை போட்டு இரண்டு தடவை சேர்ந்தார்கள். இப்போது செல்வியின் பையனுக்கு ஆவணியில் மொட்டை வைத்திருக்கிறோம். "நைனா, யார் மடில வைக்கிறது?" என்று போனில் கேட்டாள். "பாக்கலாம்" என்றேன்.

மாமா வீட்டுக்கு மூன்று நாள் போனேன். முதல் நாள் கரண்ட் போனதைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன். இரண்டாம் நாள் நூல் விலை. மூன்றாம் நாள் அவர் தூங்கிக்கொண்டிருந்தார், அது எனக்கு நிம்மதியாக இருந்தது. நேற்று நாலாவது தடவை. பிளாஸ்டிக் நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"மாமா, செல்வி பையனுக்கு மொட்டை. ஒங்க மடி வேணும்."

"முட்டி வலி நைனா."

"ஒங்களுக்கு முட்டி வலி கெடையாது மாமா."

எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் விசிறிக்கொண்டிருந்த கை நின்றது.

"எப்ப தெரியும் ஒனக்கு?"

"அன்னிக்கே தெரியும்."

"அன்னிக்கே வந்து சொல்றதுக்கு இன்னா?"

அவரே தொடர்ந்தார். "ஒர்த்தன் வந்து, மாமா நீ பொய் சொல்றன்னு சொல்லுவான்னு பாத்துக்கினு இருந்தேன். ஊரே நம்பிடுச்சி. நீயும் நம்பிட்டன்னு நெனச்சேன்."

பிறகு வலது காலை இரண்டு கையாலும் பிடித்து மடக்கிக் காட்டினார். பாதி வந்து நின்றுவிட்டது. அதற்கு மேல் மடங்கவில்லை.

"அப்ப பொய்யி. இப்ப நெஜம். மூணு வருசமா மடங்கல. சொன்னா எவனுக்கு அது புது சேதி?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மன்னித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சாப்டிங்களா மாமா" என்றுதான் வந்தது.

"இல்ல. நீ துன்னியா?"

"இல்ல."

"அப்ப வா. கொயம்பு கீது."

எழுந்திருக்கக் கையை நீட்டினார். தோளைக் கொடுத்தேன். எழுந்து நின்ற பிறகும் அவர் கையை எடுக்கவில்லை. எனக்குத் தறிக்கு நேரமாகிவிட்டது. நான் நகரவில்லை.

எழுதி முடித்தது: ஆடி அமாவாசை, தறி ஓடாத நாள், காலை பத்து மணி.