காணாமல் போன சவரியம்மாள்

உயிரோடிருந்த ஒரு கன்னியாஸ்திரியை நான் காணாமல் போகச் செய்திருக்கிறேன். அதுவும் ஞாயிறு இணைப்பில், கொட்டை எழுத்துத் தலைப்போடு.

தொண்ணூறுகளில் கோவை நாளிதழ் ஒன்றில் பயிற்சி நிருபராக இருந்தேன். வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு வாரம். ஆகாவிட்டால் பல்லடத்தில் கோழிப்பண்ணை மாப்பிள்ளை தயார் என்று அப்பா சொல்லியிருந்தார். அப்போதுதான் கத்தோலிக்க சிஸ்டர்கள் தொடங்கிய பெண்கள் கல்லூரியின் வரலாற்றை எழுதச் சொன்னார் ஆசிரியர். (இன்று அது பல்கலைக்கழகம்.)

கல்லூரிக் கோப்புகளில் ஒரு பழைய தானப் பத்திரம் கிடைத்தது. கல்லூரி நிற்கும் நான்கு ஏக்கர் சோளக்காட்டைச் சபைக்குக் கொடுத்தவர் சவரியம்மாள் என்ற பெண். அதன்பின் எந்தப் படத்திலும் கல்வெட்டிலும் அவர் இல்லை. எங்கு பார்த்தாலும் முதல் முதல்வர் சிஸ்டர் பெனடிக்டாதான்.

எனக்கு மூக்கு வியர்த்தது. ‘நிலம் கொடுத்தவரை மறந்த கல்லூரி’ என்று எழுதிவிட்டேன். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. (கேட்டால் மறைத்துவிடுவார்களாம். அவ்வளவு சாமர்த்தியம்.)

திங்கட்கிழமை கல்லூரியிலிருந்து போன் வந்தது. “நேர்ல போய் மன்னிப்புக் கேளு. அவங்க புகார் எழுதினா நாளைக்கு நீ வர வேண்டாம்” என்றார் ஆசிரியர்.

எண்பது வயது சிஸ்டர் பெனடிக்டா என் கட்டுரையை மடியில் விரித்து வைத்திருந்தார்.

“ஏனம்மணி, சவரியம்மாளைத் தேடறயாமா?”

“ஆமாங்க சிஸ்டர்.”

“நாந்தான். உக்காரு.”

துறவு வாக்குக் கொடுக்கும்போது சொத்தை விடுவதும், பழைய பெயரை விட்டுப் புதுப் பெயர் ஏற்பதும் அந்தச் சபையின் வழக்கம். பெயர் மாறுவதற்கு முந்தின வாரம் கையெழுத்திட்ட பத்திரம் அது. கல்லூரி வாட்ச்மேனுக்குக்கூடத் தெரிந்த விஷயம்.

நான் அழுதேன். பாதி வெட்கம், பாதி கோழிப்பண்ணை.

“அழுவாத கண்ணு. புகாரெல்லாம் எழுத மாட்டேன். நாலு பேப்பர் கொண்டாந்து குடு, ஊருக்கு அனுப்போணும். எங்கப்பன் வெச்ச பேரை ஆருங் கூப்புட்டு அம்பது வருசமாச்சு. நீ பேப்பர்லயே போட்டுப்போட்ட.” பிறகு தாழ்ந்த குரலில், “ஒருக்கா கூப்புடேன்” என்றார்.

“சவரியம்மா...”

“வாரேனுங்க!” என்றார், சோளக்காட்டின் மறுகோடியிலிருந்து ஓடி வருகிறவரைப் போல.

வேலை நிலைத்தது. (கோழிப்பண்ணைக்காரரையும் கட்டிக்கொண்டேன், நானே விரும்பி.) நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்ட கண்ணாடியை நான் வீடெல்லாம் தேடும்போது, “என்ன, சவரியம்மாளைத் தேடறயா?” என்பார் அவர். பிறகு கண்ணாடிக்காக அவரே பதிலும் சொல்வார்: “வாரேனுங்க!”