காரோடு வந்த ஸ்டெப்னி

குமரி மாவட்டத்தில் பழைய கார் விற்றவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். விற்ற காரோடு தாமும் கூடவே வந்து சேர்ந்த ஒரே மனிதர் எங்கள் ஸ்டெப்னி அண்ணன்தான்.

அவருடைய சொந்தப் பெயர் வேறு. நாகர்கோவிலில் எங்கள் தெருவில் யாருக்கும் அது தெரியாது. பெயர் வைத்தது என் மனைவி ஜெசி. "கார் வாங்கினா ஸ்டெப்னி டயர் ஒண்ணு கூட வரும். நமக்கு ஆளே வந்திருக்கு" என்றாள். அப்படியே ஒட்டிக்கொண்டது.

எனக்குப் பழைய டீசல் கார் ஆசை எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவன். டீசல்தான் சிக்கனம் என்று ஒரு கணக்குப் போட்டு, ஜெசியையும் நம்பவைத்து, மார்த்தாண்டத்தில் ஒரு வெள்ளைக் காரைப் பார்க்கப் போனேன்.

பார்க்கப் போனது நான். பார்க்கப்பட்டதும் நான்தான். ஸ்டெப்னி அண்ணன் என்னை நாற்காலியில் உட்காரவைத்து விசாரித்தார்.

"வண்டிய எங்க நிறுத்துவிய?"

"வீட்டு முன்னாடி, மாமரத்துக்குக் கீழே."

"மாமரமா? பால் வடிஞ்சு பெயின்ட் போவுமே. வேற எடம் இல்லியா?"

தென்னைக்குக் கீழே என்றேன். தேங்காய் விழும் என்றார். கடைசியில் வெட்டவெளி என்று ஒப்புக்கொண்டேன். "வேகமா ஓட்டுவியளோ?" என்று கேட்டார். எனக்கு மெதுவாக ஓட்டவே சரியாக வராது என்ற உண்மையைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. எனக்கு முன்னால் வந்த மூன்று பேரை விரட்டிவிட்டு எனக்குக் கொடுத்தாராம். வாழ்க்கையில் நான் பாஸான ஒரே டிரைவிங் டெஸ்ட் அதுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தால், வாசலில் அவர் நிற்கிறார். மார்த்தாண்டத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறார். "சும்மா, பாத்திட்டுப் போலாம்னு" என்று காரின் நெற்றியைத் தடவினார். அதன்பிறகு எல்லா ஞாயிறும் வந்தார்.

வந்தால் என்னை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்காருவார். சாவியைத் திருப்பியதும் டீசல் காரில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். அது அணைந்த பிறகுதான் ஸ்டார்ட் செய்யவேண்டும். "அவசரப்படாதே மக்கா. ஒரு பரமண்டல ஜெபம் சொல்லு, அணைஞ்சிரும்" என்பார். கண்ணை மூடிச் சொல்லவும் செய்வார். காலேஜுக்கு நேரமாகும் நாட்களில் நான் "ஆமென்" மட்டும் சொல்லி ஸ்டார்ட் செய்து, கார் இருமுவதைக் கேட்டிருக்கிறேன்.

கியர்தான் பெரிய பாடு. இரண்டாவது கியர் போட நான் லீவரைத் தள்ளினால் அது நான்காவதில் போய் உட்காரும். நான்காவதைத் தேடினால் எதுவுமே இருக்காது. 'கர்ர்ர்' என்று சத்தம் வரும்போதெல்லாம் ஸ்டெப்னி அண்ணன் தன் தாடையைப் பிடித்துக்கொள்வார்.

"கிளச்ச முழுசா சவுட்டு மக்கா! அதுக்க பல்லப் புடுங்காதே!"

கடைசியில் தாங்கமுடியாமல், "நீ எறங்கு. நான் ஒரு ரவுண்டு போயிட்டு வாறேன்" என்று எடுத்துக்கொண்டு போவார். தெருவே வேடிக்கை பார்க்கும். என் மாணவர்களில் இரண்டு பேர் அந்தத் தெருவில்தான் குடியிருக்கிறார்கள்.

இத்தனை அவமானத்துக்கும் எனக்கு ஒரே ஆறுதல் மைலேஜ். மாதச் சம்பளம் வந்ததும் கொஞ்சம் டீசல் போடுவேன். மாதம் முழுக்க ஓடும். "என் வண்டி டீசல் குடிக்காது, மோந்து பார்க்கும்" என்று ஸ்டாஃப் ரூமில் பெருமையடிப்பேன். வகுப்பில் சிக்கனத்துக்கு உதாரணமாகவும் அதைச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு ஞாயிறு, என் மாமனார் முன்னாலேயே ஸ்டெப்னி அண்ணன் தன் தாடையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த வாரம் போனில், "அண்ணே, வராதீங்க. வண்டி சர்வீஸுக்குப் போயிருக்கு" என்று புளுகினேன்.

"ஐயோ! தனியாவா விட்டுட்டு வந்தே? எந்த ஒர்க்‌ஷாப்பு? நான் போய்க் கூட இருக்கட்டா?"

பெரிய சர்வீஸ், ஒரு மாதமாகும் என்று முடித்தேன். நிம்மதியாக இருந்தது. கர்ர்ர் என்று சுதந்திரமாக ஓட்டினேன்.

அந்த மாதக் கடைசியில் களியக்காவிளைப் பக்கம் ஒரு கல்யாணம். பட்டுப்புடவையில் ஜெசி, வேட்டியில் நான். போகும் வழியில் மார்த்தாண்டம் ஜங்ஷன், காலை நெரிசல், சரியாக நட்டநடுவில் கார் நின்றது. சாவியைத் திருப்பினேன், ஜெபம் சொன்னேன், இரண்டாவது முறையும் சொன்னேன். பின்னால் பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

ஜன்னலில் மீன் பையோடு ஒரு முகம் தெரிந்தது.

"என்ன மக்கா, டிஸ்சார்ஜ் ஆயாச்சா?"

நான் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒளிய முயன்றேன். உடம்பு ஒத்துழைக்கவில்லை. அவர் மீன் பையை ஜெசி மடியில் கொடுத்துவிட்டு, பஸ் கண்டக்டரையும் கூட்டி, தள்ளி ஓரத்தில் நிறுத்தினார். பானெட்டைத் திறந்து இருவரும் எஞ்சினைப் பார்த்தோம். "என்னண்ணே கோளாறு?" என்றேன்.

"எனக்கென்ன தெரியும்? நான் இதுக்க உள்ள கைவச்சதே இல்லியே. நொந்திருமோன்னு பயம்."

ஜெசிதான் உள்ளேயிருந்து கேட்டாள். "ஏங்க, டீசல் போட்டீங்களா?"

"முள்ளு பாதியில நிக்குதே!"

ஸ்டெப்னி அண்ணன் தலையைக் குனிந்தார். "அந்த முள்ளு நான் வாங்கின நாள்லயிருந்தே பாதியிலதான் நிக்கி."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வாங்கியிருப்பியா?"

"அப்ப இவ்வளவு நாள் எப்படி ஓடிச்சு?"

அவர் டீசல் டாங்கின் மூடியைத் தடவினார். எனக்கு மெதுவாகத்தான் விளங்கியது. ஒவ்வொரு ஞாயிறும் ரவுண்டு போனவர் நேராகப் பெட்ரோல் பங்குக்குத்தான் போயிருக்கிறார். என் மைலேஜ் முழுக்க அவர் பாக்கெட்டிலிருந்து வந்தது.

"எதுக்கண்ணே இப்படி?"

"கெட்டிக் குடுத்த பிள்ளையப் பாக்க வெறுங்கையோடயா வர முடியும்?" என்றார், ரோட்டைப் பார்த்துக்கொண்டு. அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. தங்கை வீட்டில்தான் இருக்கிறார்.

கேனில் டீசல் வாங்கி வந்து, ஒரு ஆட்டோக்காரர் டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றிக் கொடுத்து, கார் கிளம்பியபோது கல்யாணம் முடிந்திருந்தது. அவரே எங்களைத் தங்கை வீட்டுக்குக் கூட்டிப்போய், அந்த மீனையே குழம்பு வைக்கச் சொல்லிச் சாப்பாடு போட்டார்.

இப்போது அவருக்கு முழங்கால் வலி, பஸ் ஏற முடிவதில்லை. ஞாயிறுதோறும் நாங்கள் போகிறோம். போன வாரம் ஜெசி காரை எடுத்துக்கொண்டு அஞ்சுகிராமத்தில் தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். அவளுக்கு நாலு கியரும் விழுகிறது. நான் பஸ்ஸில் மார்த்தாண்டம் போனேன்.

கேட்டருகே நின்றவர் எனக்குப் பின்னால் ரோட்டை எட்டிப் பார்த்தார்.

"வண்டி எங்க?"

"ஜெசி கொண்டு போயிட்டா."

"பின்ன நீ எதுக்கு வந்தே?"

"உங்களப் பாக்கத்தான்" என்றேன்.