‘இல்லை’ இல்லாத அலுவலகம்

மதுரையில் மக்கள் குறைகளைக் கேட்டுக்கொள்வதற்கென்றே ஓர் அலுவலகம் இருந்தது. அதன் இணையதளத்தை ஒப்பந்தச் சம்பளத்தில் கவனித்துவந்தவள் பசுமலை திவ்யா. பணி நிரந்தரம் ஆகவேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே கவலை. அதற்கான கோப்பு அதிகாரி பத்ரிநாத்தின் மேசையில், அவர் கையெழுத்துக்காகப் படுத்தே கிடந்தது.

ஒருநாள் பத்ரிநாத் கொதித்துப்போய் அவளைக் கூப்பிட்டார்.

“ஏம்மா, வண்டியூர்க்காரர் ஒருத்தர் குழாய் சரியாயிருச்சான்னு கேட்டிருக்காரு. நம்ம தளம் ‘ஃபால்ஸ்’னு பதில் சொல்லுது. பொதுமக்கள்ட்ட இப்படி மூஞ்சில அடிச்ச மாதிரியா பேசுறது?”

“அது ஜேசன்ங்கிற கம்ப்யூட்டர் பாஷை சார். ஆமான்னா ட்ரூ, இல்லைன்னா ஃபால்ஸ். அது அப்படித்தான் பேசும்.”

“கம்ப்யூட்டரா இருந்தா மரியாதை வேணாமா? ‘விரைவில்’னு சொல்லச் சொல்லு.”

திவ்யா தலையைச் சொறிந்தாள். அவர்கள் தளத்தைக் கட்டியிருந்த பிரேம்வொர்க்கில் எல்லாப் பதிலும் ஒரே வாசல் வழியாகத்தான் வெளியே போகும். அந்த வாசலுக்குப் பெயர் என்கோடர்.

“அங்க மாத்தினா அம்புட்டு எடத்துலயும் மாறிரும் சார்.”

“அதுக்குப் பேர்தாம்மா நிர்வாகம்!”

ஃபால்ஸ் வரும் இடத்திலெல்லாம் ‘விரைவில்’ என்று மாற்றும் நான்கு வரி எழுதினாள். அன்று முதல் அந்த அலுவலகத்தால் முடியாத காரியம் என்று ஒன்று இல்லாமல் போயிற்று. குழாய் விரைவில், சாலை விரைவில், தெருவிளக்கு விரைவில். மேலிடம் பாராட்டுக் கடிதம் அனுப்பியது. பக்கத்து அலுவலகங்கள் எல்லாம், பென்ஷன் பிரிவு உட்பட, அந்த நான்கு வரியைக் கேட்டு வாங்கிப் போயின. திவ்யாவே தன் பணிப் பதிவுப் பக்கத்தைத் திறந்தபோது ‘பணி நிரந்தரம்: விரைவில்’ என்று இருந்தது. எழுதியவள் அவள்தான். ஆனாலும் அன்றைக்கு வீட்டுக்கு அல்வா வாங்கிக்கொண்டு போனாள்.

ஓய்வுபெற ஒரு வாரம் இருக்கும்போது பத்ரிநாத் தன் பென்ஷன் பக்கத்தைத் திறந்தார். அலறியடித்துக்கொண்டு திவ்யாவிடம் ஓடிவந்தார்.

பெயர்: பத்ரிநாத். காலமானாரா: விரைவில்.

“பேங்க்ல பென்ஷன் கணக்கே தொடங்க மாட்டேங்கிறாங்கம்மா! ‘கொஞ்ச நாள் பொறுத்துப் பாப்போம் சார்’ங்கிறாங்க!”

“காலமாகலைன்னா ஃபால்ஸ் சார். ஃபால்ஸ் வரக் கூடாதுன்னு நீங்கதான உத்தரவு போட்டீங்க.”

“இப்ப நானே சொல்றேன், உடனே மாத்து!”

“மாத்திர்றேன் சார். அப்படியே என் ஃபைல்ல ஒரு கையெழுத்து...”

பத்ரிநாத்துக்கு முப்பது வருஷப் பழக்கம். வாய் முந்திக்கொண்டது.

“விரைவில்ம்மா.”

திவ்யா கீபோர்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

“அப்ப உங்களுக்கும் அதான் சார்.”