பதினான்காம் எண் வீட்டின் பூர்வீகம்

அன்புள்ள மைத்துனனுக்கு, அத்தான் ஆசிகளுடன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம். உன் அக்காவும் நலமே. என்னோடு பேசி ஒன்பது நாள் ஆகிறது, அதுதான் குறை. கடிதம் கண்டதும் நீ புறப்பட்டு வந்து அவளைப் பேசவைக்க வேண்டும்.

முப்பத்தோரு வருடம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் குப்பை கொட்டியவன் ஓய்வு பெற்றுச் சும்மா இருக்க முடியுமா? எங்கள் தெருவின் பதினான்கு வீடுகளிலும் முன்பு யார் யார் இருந்தார்கள் என்று பழைய பத்திரங்களைத் தோண்ட ஆரம்பித்தேன். "ஊர் வம்பு உங்களுக்கு எதுக்கு?" என்றாள் உன் அக்கா. இது வம்பல்ல, வரலாறு என்று சொல்லி, தெருக்கூட்டத்தில் எழுந்து நின்று படித்தும் விட்டேன். பத்தாம் எண்ணில் ஒரு நீதிபதி இருந்தார் என்றதும், இப்போது அங்கே குடியிருக்கும் முடிதிருத்துபவர் மறுநாளே வாசலில் 'நீதிபதி இல்லம்' என்று பலகை மாட்டி, முடிவெட்ட வருகிறவர்களின் குடும்பச் சண்டைக்கெல்லாம் பாதித் தலையில் கத்தரியை நிறுத்தித் தீர்ப்புச் சொல்லத் தொடங்கிவிட்டார். ஐந்தாம் எண் குதிரை லாயம் என்றேன், அங்கே இருக்கும் பல் டாக்டரிடம், "குதிரைக்கும் பல்லு பிடுங்குவீங்களா டாக்டர்?" என்று கேட்காத ஆளில்லை. இதெல்லாம் போகட்டும். ஒன்றாம் எண்ணில் கள்ளக் கையெழுத்துப் போட்டுக் கைதான ஆசாமி இருந்தான் என்று படித்தேன் பார், அங்கேதான் வந்தது வினை. அந்த வீட்டில் இருப்பது உன் அக்காவின் ஒரே சிநேகிதி, தையல்காரம்மா. "என் வீட்டைப் போய்த் திருட்டு வீடுன்னு சொல்லிட்டாரே!" என்று அழுதுகொண்டே எழுந்து போனவர், அப்புறம் எங்கள் வீட்டுப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. "போய் மன்னிப்புக் கேளுங்க, அப்புறம் பேசறேன்" என்று உன் அக்கா வாயை மூடிக்கொண்டாள். நான் ஏன் கேட்க வேண்டும்? பத்திரம் பொய் சொல்லுமா? நம் வீடான பதினான்காம் எண்ணில் ஊருக்கே இலவசமாக வாசகசாலை நடத்திய உத்தமர் இருந்தார் என்பதும் அதே பத்திரங்களில்தானே இருக்கிறது! அப்பேர்ப்பட்ட நம் வீட்டில் இப்போது பேச்சு மூச்சில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் மாப்பிள்ளை, என்னால் தாங்க முடியவில்லை. அவள் திட்டினால்கூடப் போதும்.

உனக்கும் பிள்ளைகளுக்கும் எல்லா நலமும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில், இந்தத் தெருவுக்கு முன்பு தபால் கொண்டுவந்த தபால்காரர் வந்தார். "அந்தக் காலத்துல ஒண்ணாம் நம்பர் உங்க வீட்டுக் கோடியிலேருந்துதான் சார் ஆரம்பிக்கும். அப்புறம்தான் தலைகீழா மாத்தினாங்க" என்றார். விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். குதிரைகள் முடிதிருத்துபவர் வீட்டுக்குப் போகின்றன, நீதிபதி பல் டாக்டரிடம் போகிறார், உத்தமர் தையல்காரம்மா வீட்டுக்கு. கள்ளக் கையெழுத்துக்காரன் குடியிருந்தது நம் வீட்டில். கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்ட உன் அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு என் செருப்பை எடுத்து வந்து காலருகே போட்டு, "கெளம்புங்க. அவ வீட்டுல போய் மன்னிப்பு எழுதிக் குடுத்துட்டு வாங்க. சொந்தக் கையெழுத்தா போடுங்க" என்றாள்.

பேசிவிட்டாள்! நீ வர வேண்டாம்.